திருப்பூர்: வாரச் சம்பளமும் வருடக் கணக்கும்

கேள்வி இதுதான்: திருப்பூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'டெய்லர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்குகிறது. டெய்லருக்கு மாதம் பதினெட்டாயிரம் என்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் இத்தனை குடும்பங்கள் லைன் வீட்டிலும் வாரக் கடனிலுமே காலம் தள்ளுகின்றன?

இந்த ஊரில் வேலை போவது அபூர்வம், ஷிப்ட்தான் போகும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

ஊரின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து சுமார் 9.6 லட்சம் பேர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது. அண்மை ஆண்டுகளில் அதன் மதிப்பு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. உள்நாட்டு பனியன், ஜட்டி வியாபாரம் தனி. ஒரே தொழிலை நம்பிய ஊர் என்பதால் ஒரு ஆர்டர் நின்றால் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் வேலை), பிரிண்டிங், தையல், அட்டைப்பெட்டி, டெம்போ என்று வரிசையாக எல்லா இடத்திலும் கை ஓயும்.

இனி சம்பளம். இங்கே பேச்சு மாதச் சம்பளத்தில் நடப்பதில்லை. அலகு ஷிப்ட், பட்டுவாடா சனிக்கிழமை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவிலும் நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை. கப்பல் தேதி நெருங்கினால் நள்ளிரவு தாண்டி இரண்டு ஷிப்ட். 'மாதம் பதினெட்டாயிரம்' என்பது வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வரும் தொகை. கணக்குக்காக ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைப்போம். நான்கு வாரம், ஆறு நாள், ஒன்றரை ஷிப்ட்: 36 ஷிப்ட், 18,000 ரூபாய். வேலை தேடி வருகிறவரிடம் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் அது நல்ல மாதத்தின் எண்.

வருடம் முழுக்க அப்படி ஓடாது. மாதத்துக்கு நான்கு வாரம் என்றே வைத்து, நடுத்தரமான ஒரு வருடத்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாதம் 36 ஷிப்ட். நான்கு மாதம் மாலை ஐந்தரைக்கே வீடு, அதாவது 24 ஷிப்ட். இரண்டு மாதம் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை, 16 ஷிப்ட். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் மாதம் 12. கூட்டினால் 320 ஷிப்ட், 1,60,000 ரூபாய். விளம்பரக் கணக்கு 432 ஷிப்ட், 2,16,000 ரூபாய். நடுவில் காணாமல்போன 56,000 ரூபாய்தான் அந்தக் குடும்பத்தின் கடன். சம்பள ரேட்டை மட்டும் பார்க்கிறவர் இந்தத் தொகையைப் பார்க்கவே மாட்டார். அதனால் ஒருவரின் வருமானம் தெரிய வேண்டுமானால் 'ஷிப்டுக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'போன தீபாவளியிலிருந்து இந்தத் தீபாவளி வரை எத்தனை ஷிப்ட்?' என்று கேளுங்கள். வாரச் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துவைத்திருப்பவர்கள் சரியாகச் சொல்வார்கள். பலர் சேர்த்துவைப்பதில்லை.

ஷிப்ட் ஏன் விழுகிறது என்பதற்குத் தொழிலின் வேலைவரிசையிலேயே காரணம் இருக்கிறது. நூல் வந்து, நிட்டிங் முடிந்து, சாயம் ஏறி, காம்பாக்டிங் ஆகி, கட்டிங் மேசைக்குத் துணி வந்தால்தான் தையல் லைன் ஓடும். சாயத்தில் ஷேடு பொருந்தவில்லை என்றால் துணி திரும்பப் போகும். லைன் இரண்டு நாள் சும்மா நிற்கும். லேபிளோ ஜிப்போ வரவில்லை, வாங்குபவர் சாம்பிளுக்கு ஒப்புதல் தரவில்லை, எதுவானாலும் சரி, அந்த நாட்களின் கூலி தொழிலாளி தலையில். தைத்த பீஸை எண்ணிக் கூலி தரும் பீஸ் ரேட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்டைல் மாறினால் முதல் இரண்டு மூன்று நாள் கை படியாது, பீஸ் இறங்காது. ஒரே ஸ்டைலில் ஐம்பதாயிரம் பீஸ் ஓடிய காலத்தில் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. சின்னச் சின்ன ஆர்டர்கள் பெருகப் பெருக, மாதத்தில் பாதி நாள் கை படியும் நாளாகவே போய்விடுகிறது.

பெரிய அடிகள் வரும்போதும் இதே வழியில்தான் வரும். 2011 ஜனவரி 28-ல் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே உத்தரவில் நின்றன. சாயத்துக்குத் துணி வெளிமாநிலம் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் தையல் கம்பெனிகள் ஆளை வைத்துக்கொண்டே நாளைக் குறைத்தன. கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆலைகள் திரும்பியபோது சாயக்கூலி ஏறியது. (நொய்யலுக்கு அது நியாயம்தான். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போன பிறகுதான் அந்த உத்தரவு வந்தது.) 2022-ல் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட ஆர்டரை நட்டத்துக்கு ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவது மேல் என்று பல கம்பெனிகள் முடிவெடுத்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்க ஆர்டரை நம்பிய கம்பெனிகளுக்கும் அதே இடி. எல்லா நெருக்கடியிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் இரவு அரை ஷிப்ட் போகும், அடுத்து வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போகும், கடைசியில்தான் ஆள் போவார்.

இதனால்தான் வேலையின்மை விகிதத்தை வைத்துத் திருப்பூரை அளக்க முடியாது. மத்திய அரசின் பி.எல்.எஃப்.எஸ். தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்திர நிலைப்படி, கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். ஆண்டு நிலைப்படி, துணைவேலையாக வருடத்தில் 30 நாள் செய்திருந்தாலும் போதும். ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் மூன்று நாள் ஒரு ஷிப்டுக்கு இறங்கினால் வருமானம் மூன்றில் ஒரு பங்காகும்: 9 ஷிப்ட் 3 ஆகிறது. கணக்கெடுப்பின் வேலையின்மை எண்ணில் அதற்குத் தடயமே இருக்காது. முந்தைய வாரத்தில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று அதே கணக்கெடுப்பு கேட்டுப் பதிகிறது; பயனுள்ளது அந்தப் பத்திதான், ஆனால் செய்தியில் வருவது விகிதம் மட்டும்.

வறுமை அளவுகோல்களும் கிட்டத்தட்ட இதே கதை. டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி 2011-12-ல் தமிழ்நாட்டு நகர்ப்புற வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 937 ரூபாய். அந்தக் கணக்கில் மாநில நகர்ப்புற வறுமை 6.54 சதவீதம். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாடு 2019-21-ல் 2.20 சதவீதம். இந்தக் குறியீட்டில் 12 அம்சங்கள்: ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, மின்சாரம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு போன்றவை. வருமானமும் இல்லை, வேலையும் இல்லை. லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை என்றால் பகிர்ந்த கழிப்பறை என்ற வகையில் ஒரு குறை விழும். அதன் எடை 21-ல் 1. ஏழை என்று சேர மூன்றில் ஒரு பங்கு குறை வேண்டும். காங்கிரீட் கூரை, மின்இணைப்பு, செல்போன், வங்கிக் கணக்கு எல்லாம் வைத்திருக்கும் திருப்பூர்க் குடும்பம் அதில் சேரவே சேராது. அடிப்படை வசதிக் குறைகளை அளக்கச் செய்த கோல் அது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். வாரக்கூலி நகரத்தின் நெருக்கடி அதில் தெரியாது, அவ்வளவே.

ஒரு நாலு பேர் குடும்பத்தை எடுப்போம். கணவர் மேலே சொன்ன டெய்லர், ஆண்டுக்கு 1,60,000. மனைவி செக்கிங், ஷிப்டுக்கு 350 என்று வைத்து 230 ஷிப்ட், 80,500. மொத்தம் 2,40,500. தலைக்கு மாதம் சுமார் 5,010 ரூபாய். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகர்ப்புறச் சராசரிச் செலவு தலைக்கு 7,630 ரூபாய். எந்த வறுமைக்கோட்டுக்கும் கீழே இல்லாத இந்தக் குடும்பம் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கில் நிற்கிறது. மனைவி வேலைக்குப் போகாவிட்டால் தலைக்கு 3,333. ஆக, இரண்டாவது சம்பளம்தான் கோட்டைப் போடுகிறது. அதைத் தடுப்பது எது? இரவு வரை ஓடும் லைனும், ஐந்து மணிக்கு மேல் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததும். ஒன்றரை ஷிப்ட் இருக்க முடியாத பெண்ணைப் பல கம்பெனிகள் தையலில் வைப்பதில்லை. கைமடி, பிசிறு வெட்டுதல், செக்கிங் என்று ரேட் குறைந்த பக்கம் தள்ளிவிடும். பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2023-ல் விரிவானபோது எட்டரை ஷிப்டுக்கு ஓடும் தாய்மாருக்குக் காலையில் அரைமணி மிச்சமானது. மாலைக்கு அப்படி எதுவும் இல்லை.

சட்டப்படி கிடைக்க வேண்டியது எங்கே நழுவுகிறது என்று இனி பார்க்கலாம்.

முதலாவது, அந்த அரை ஷிப்ட். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது தொழிற்சாலைச் சட்டம் பல பத்தாண்டுகளாகச் சொன்ன விதி. திருப்பூர் வழக்கம் நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட், அதாவது ஒற்றைக் கூலி. நம் டெய்லர் ஐந்து நல்ல மாதங்களில் 120 நாள் அப்படி இருந்தார். வாங்கியது 60 ஷிப்ட் கூலி, வாங்கியிருக்க வேண்டியது 120. விட்டது 30,000 ரூபாய். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியதும் மாநிலமே கொதித்தது, மே தினத்தன்று அரசு திரும்பப் பெற்றது. திருப்பூரில் அது மசோதா இல்லாமலேயே நடந்துகொண்டிருந்த விஷயம்.

ரேட் விஷயத்தில் திருப்பூர் மற்ற ஊர்களைவிடப் பரவாயில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் பலம் அது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், கைமடி என்று பிரிவுவாரியாகச் சம்பள ஒப்பந்தம் போடுவது இங்கே வழக்கம். 2021 ஒப்பந்தம் நான்கு ஆண்டில் 32 சதவீத உயர்வு, அதில் முதல் ஆண்டிலேயே 19 என்று போனது. ஆனால் ஒப்பந்தம் ரேட்டைப் பேசும், ஷிப்ட் எண்ணிக்கையைப் பேசாது. கான்ட்ராக்டர் மூலம் பேட்ச் பேட்ச்சாக வருகிறவர்களை அது தொடுவதும் இல்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில். விடுதி வாடகையும் சாப்பாடும் கழிந்த பிறகுதான் அவர்கள் கைக்குக் காசு வரும், அதுவும் ஊருக்குப் போய்விடும். ரேட்டை ஒப்பிடும்போது கழிவுக்கு முன்னா பின்னா என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பேரம். 'பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேண்டாம் என்றால் ரேட்டில் இருபது ரூபாய் கூட்டித் தருகிறேன்' என்பது காதில் விழாத நாளில்லை. 500 ரூபாய்க்கு முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், சேர்த்து சுமார் 76 ரூபாய். 20 கொடுத்து 76 மிச்சம் பிடிக்கும் வியாபாரம் அது. தொழிலாளி பங்கு 12-ம் 0.75-ம் கையில் மிச்சமாகிறதே என்று மகிழ்பவர்கள் உண்டு. விரலில் ஊசி ஏறும் வரை அந்த மகிழ்ச்சி இருக்கும்.

ஈ.எஸ்.ஐ. விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது பாதிச் சம்பளத்துக்குச் சமம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குப் பொருந்தும்; அந்த வரம்பைப் பார்க்கும்போது மிகைநேரக் கூலியைச் சேர்ப்பதில்லை. நோய்க்கால உதவி கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர் சந்தா அடுத்த ஜனவரி-ஜூனுக்கு. அக்டோபர்-மார்ச் சந்தா அடுத்த ஜூலை-டிசம்பருக்கு. பலர் தடுக்கி விழும் இடம் இது. வாரம் நான்கு நாள் ஓடினாலும் 26 வாரத்தில் 104 நாள் வந்துவிடும். ஆனால் நடுவில் மூன்று மாதம் ஈ.எஸ்.ஐ. இல்லாத பவர் டேபிள் யூனிட்டுக்கு (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை) மாறியிருந்தால் 52 நாள்தான். கோடையில் செய்த மாற்றம் ஜனவரியில் டைபாய்டு வரும்போது தெரியும். பேறுகால உதவி 26 வாரம்; அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் சேர்த்து 70 நாள் போதும். வேலையில் காயம்பட்டால் சந்தா நாள் கணக்கே கிடையாது, வேலையில் சேர்ந்த முதல் நாளே பட்டாலும் கூலியில் 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், இதில் சேரும். கம்பெனி மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் போட்டுவிட்டால் நாட்கள் இரண்டாக உடைந்து 78 எட்டாது.

பவர் டேபிள் யூனிட் என்றேன். எட்டு மெஷின், ஒன்பது பேர். பத்து பேருக்குக் கீழ் ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபதுக்குக் கீழ் பி.எஃப். கட்டாயமில்லை. ஆர்டர் பெரிய கம்பெனியுடையது, தையல் இங்கே. இதன் சொந்தக்காரரும் பெரும்பாலும் முன்னாள் டெய்லர்தான். மெஷின் கடனோடு நிற்பார். வேலை முடித்துக் கொடுத்துப் பில் பணம் வர மூன்று மாதம் ஆகும், ஆனால் இவர் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தாக வேண்டும். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருந்தால் இவருக்கு ஒரு பிடி இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று வந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்காதவர், கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. பதிவு இல்லாத யூனிட்டுக்கு இந்தப் பிடி கிடையாது. பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும்.

அடுத்தது கடன். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பிணையில்லாமல் கொடுப்பது குறுங்கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் வருமானத்தைக் கேட்டு எழுதுவது சீசன் மாதத்தில். மாதம் 24,000 என்று எழுதினால் தவணை 12,000 வரை போகலாம். நம் குடும்பத்தின் மந்த மாத வருமானம், இருவருக்கும் 16 ஷிப்ட் என்றால், 8,000-ம் 5,600-ம் சேர்ந்து 13,600. விதி மீறாமலேயே கையில் 1,600 மிஞ்சும். அந்த வாரம்தான் தண்டல்காரர் வருவார். கடன் வாங்கும்போது வருடக் கணக்கைப் பன்னிரண்டால் வகுத்த தொகையைச் சொல்லுங்கள். இங்கே அது சுமார் 20,000. பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் தவணை மந்த மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள், இவர்களுக்கு 4,500.

இதே தவறு அரசுத் திட்டங்களில் எதிர்ப்பக்கமாக அடிக்கும். மகளிர் உரிமைத்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இந்தத் தம்பதி இருவருக்கும் 36 ஷிப்டைப் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டால் 3,67,200 வரும், தகுதி இல்லை. உண்மையான வருடக் கணக்கில் 2,40,500, தகுதி உண்டு. வருமானத்துக்குச் சான்று கேட்கும் இடத்துக்கு நல்ல மாதத்து ஒரே ஒரு சம்பளச் சீட்டைக் கொண்டுபோவது தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்வது. பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் கொண்டுபோங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டினால் கண்ணும் முதுகும் பீஸ் ரேட்டுக்கு ஈடுகொடுக்காது. ஓவர்லாக் ஓட்டியவர் செக்கிங்குக்கும், பிறகு வாட்ச்மேன் வேலைக்கும் இறங்குவார். அப்போது கைகொடுக்க வேண்டியது பி.எஃப். ஓய்வூதியம், அதற்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் கம்பெனி மாறும் ஊரில், ஆளுக்கு மூன்று நான்கு கணக்கு எண் சிதறிக் கிடப்பதால் பத்து ஆண்டு உழைத்தும் பத்து ஆண்டு சேவை வராது. யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) ஒன்றுதான் இருக்க வேண்டும்; பழைய கணக்குகளை அதில் மாற்றிச் சேர்க்க வேண்டும். மாற்றம் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: ஆதாரிலும் கம்பெனிப் பதிவிலும் பெயர் எழுத்து வேறுபடுவது (இனிஷியல்தான் பெரும்பாலும் வில்லன்), பிறந்த தேதி வேறுபடுவது, பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விடுவது. விலகிய தேதியைக் கடைசிச் சந்தா மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம். பெயர்த் திருத்தத்துக்குக் கம்பெனி ஒப்புதல் தேவைப்படும் கணக்கு என்றால், கம்பெனி உயிரோடு இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். ஷட்டர் இறங்கிய யூனிட்டின் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும்.